புகாரும் பதவி நீக்கமும்: உமர் (ரலி) ஆளுநர்களை விசாரித்த விதம்

ஓர் ஊராட்சித் தலைவர் மீதோ, ஒரு ஜமாஅத் நிர்வாகி மீதோ புகார் எழுந்துவிட்டால் நம் ஊர்களில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். ஒரு தரப்பு, விசாரணைக்கு முன்பே அவரைக் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடும். மறு தரப்பு, அவர் நம்மவர், நல்லவர், பல காலம் உழைத்தவர் என்று சொல்லி விசாரணையே கூடாது என்று தடுக்கும். பதவியிலிருந்து விலகச் சொன்னால் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவரும் பிடிவாதமாக நாற்காலியைப் பற்றிக்கொள்வார். வழக்கு நீதிமன்றம் போகும், ஆண்டுகள் ஓடும், ஊர் இரண்டாகும்.

இந்தச் சிக்கல் நம் காலத்துக்கு மட்டும் உரியதல்ல. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் மதீனாவில் ஆட்சி செய்த இரண்டாம் கலீஃபா உமர் பின் அல்கத்தாப் (ரலி) அவர்கள் தம் ஆட்சிக்காலம் முழுவதும் இதைச் சந்தித்தார்கள். அவர்களின் வீரத்தையும் எளிமையையும் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். தாம் நியமித்த ஆளுநர்கள் மீது மக்கள் புகார் சொன்னபோது அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. இக்கட்டுரையில் அவர்களின் வாழ்வை அந்தக் கோணத்தில் பார்ப்போம்.

வழக்காடிகளின் குடும்பத்திலிருந்து

உமர் (ரலி) அவர்கள் மக்காவின் குறைஷிக் குலத்தில் பனூ அதீ கிளையில் பிறந்தவர்கள். குறைஷியருக்கும் பிற குலத்தாருக்கும் இடையே தகராறு எழுந்தால் தூது செல்வதும், பெருமை பேசிப் போட்டியிட்டால் எதிர்நின்று பேசுவதும் அக்கிளையினரின் பொறுப்பாக இருந்தது. ஆகவே, இரு தரப்பின் பேச்சையும் கேட்டு எடைபோடும் பழக்கம் இளமையிலேயே அவர்களுக்கு அமைந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு சிலரில் அவர்களும் ஒருவர்.

நபித்துவத்தின் ஆறாம் ஆண்டு வாக்கில் இஸ்லாத்தை ஏற்றார்கள். அதற்கு முன் எவ்வளவு கடுமையாக எதிர்த்தார்களோ அவ்வளவு உறுதியாகப் பின்னர் துணை நின்றார்கள். அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் மதீனாவின் நீதிப் பொறுப்பு அவர்களிடம் இருந்தது. ஹிஜ்ரி 13ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 634இல், கலீஃபாவாகப் பொறுப்பேற்றார்கள்.

அடுத்த பத்தரை ஆண்டுகளில் இஸ்லாமிய ஆட்சி சிரியா, இராக், எகிப்து, பாரசீகம் என்று விரிந்தது. கூஃபாவும் பஸ்ராவும் புதிய நகரங்களாக எழுந்தன. ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஆளுநர் தேவைப்பட்டார். வரி வசூலிப்பது, படையை நடத்துவது, தொழுகையை முன்னின்று நடத்துவது, கஜானாவைக் காப்பது எனப் பெரும் அதிகாரம் ஒருவர் கையில் சேர்ந்தது. கலீஃபாவோ பல நாள் பயணத் தொலைவில் மதீனாவில் இருந்தார்கள். தூரத்தில் இருக்கும் அதிகாரியின் தவறு ஆட்சியாளரின் காதுக்கு எப்படி எட்டும்? இந்தக் கேள்விதான் உமர் (ரலி) அவர்களைத் தூங்கவிடாமல் செய்தது.

நியமனத்தின்போதே நிபந்தனை

அவர்கள் செய்த முதல் காரியம், பிரச்சினை வருவதற்கு முன்பே விதியை வகுத்தது. ஒருவரை ஆளுநராக அனுப்பும்போது சில நிபந்தனைகளை எழுதி, முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் சேர்ந்த சிலரைச் சாட்சியாக்குவார்கள். உயர்ரகக் குதிரையில் ஏறக் கூடாது, சலித்த மாவில் செய்த உணவை உண்ணக் கூடாது, மெல்லிய ஆடை அணியக் கூடாது, தேவையோடு வரும் மக்களுக்கு எதிராகக் கதவை அடைக்கக் கூடாது என்பவை அந்த நிபந்தனைகள்.

இவற்றுள் முதல் மூன்றும் எளிமையைப் பற்றியவைபோலத் தோன்றும். உண்மையில் நான்குமே ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. ஆளுநர் மக்களிடமிருந்து விலகிய தனி வர்க்கமாக மாறிவிடக் கூடாது.

பொறுப்பேற்கும் நாளில் அவருடைய சொத்து விவரம் எழுதி வைக்கப்படும். பதவிக்காலத்தில் அது பெருகியிருந்தால், எங்கிருந்து வந்தது என்று கேட்கப்படும். திருப்தியான பதில் இல்லாத நிலையில் உபரியில் ஒரு பகுதி பைத்துல் மாலுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. அதிகாரிகள் பதவியேற்கும்போது சொத்துக் கணக்கு தர வேண்டும் என்று இன்று பல நாடுகளின் சட்டங்கள் சொல்கின்றன. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மதீனாவில் அது நடைமுறையில் இருந்தது.

ஹஜ்ஜுக் காலம் என்னும் திறந்த மன்றம்

ஆண்டுதோறும் ஹஜ்ஜுக் காலத்தில் ஆளுநர்கள் வந்து சேர வேண்டும் என்பது உமர் (ரலி) அவர்களின் ஏற்பாடு. அதே சமயத்தில் அந்தந்தப் பகுதி மக்களும் ஹஜ்ஜுக்கு வருவார்கள். புகார் செய்பவரும் புகாருக்கு உள்ளானவரும் ஒரே இடத்தில், கலீஃபாவின் முன்னால் நிற்க முடியும். ஏழை ஒருவர் தம் ஆளுநரைப் பற்றிச் சொல்ல மதீனாவுக்குத் தனிப் பயணம் செய்யத் தேவையில்லை.

அத்தகைய ஒரு கூட்டத்தில், மக்களை அடிப்பதற்கோ அவர்களின் பொருளைப் பறிப்பதற்கோ தாம் யாரையும் அனுப்பவில்லை என்றும், அவ்வாறு யாருக்கேனும் நேர்ந்திருந்தால் எழுந்து சொல்லலாம் என்றும் உமர் (ரலி) அவர்கள் அறிவித்தார்கள். ஒரேயொரு மனிதர் எழுந்தார். தம் பகுதி அதிகாரி தமக்கு நூறு கசையடி கொடுத்துவிட்டதாகச் சொன்னார். காரணத்தை விசாரித்த கலீஃபா, அந்த மனிதரே எழுந்து அதிகாரிக்குப் பதிலடி கொடுக்கட்டும் என்று தீர்ப்பளித்தார்கள்.

எகிப்தின் ஆளுநர் அம்ர் பின் அல்ஆஸ் (ரலி) அவர்கள் குறுக்கிட்டார்கள். இந்த வாசலைத் திறந்துவிட்டால் அதிகாரிகளுக்கு அது பெரும் சுமையாகிவிடும், பின்வருவோருக்கும் இதுவே வழக்கமாகிவிடும் என்பது அவர்களின் கவலை. நிர்வாகத்தில் அனுபவமுள்ள ஒருவரின் நியாயமான கவலைதான் அது. ஆனால் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களே தம்மிடம் பழிதீர்த்துக்கொள்ளப் பிறருக்கு இடமளித்ததைத் தாம் கண்டிருக்கும்போது, ஓர் அதிகாரிக்கு விலக்களிக்க முடியாது என்று உமர் (ரலி) அவர்கள் மறுத்துவிட்டார்கள். கடைசியில் அடிபட்டவரைச் சமாதானப்படுத்த அனுமதி கிடைத்தது. அடி ஒன்றுக்கு இரண்டு தீனார் வீதம் இருநூறு தீனார் பெற்றுக்கொண்டு அவர் மன்னித்தார். பதவி என்பது சட்டத்திலிருந்து காக்கும் கேடயம் அல்ல என்பது அன்று எல்லா ஆளுநர்களின் முன்னிலையிலும் நிலைநாட்டப்பட்டது.

கூஃபா: குற்றமற்றவரும் மாற்றப்பட்டார்

இப்போது மிகக் கடினமான வழக்குக்கு வருவோம். சஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் சாதாரண மனிதரல்லர். சுவர்க்கத்தைக் கொண்டு நற்செய்தி சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். அல்லாஹ்வின் பாதையில் முதல் அம்பை எய்தவர். காதிஸிய்யாப் போரில் பாரசீகப் பெரும்படையை வென்ற தளபதி. கூஃபா நகரை உருவாக்கியவரும் அவர்களே.

கூஃபாவில் அவர்களின் இல்லம் சந்தைக்கு அருகில் இருந்தது. இரைச்சலைத் தடுக்க வாசலில் கதவு வைத்தார்கள். மக்கள் அதை சஅதின் மாளிகை என்று அழைக்கத் தொடங்கினர். செய்தி மதீனாவுக்கு எட்டியதும், உமர் (ரலி) அவர்கள் தம் நம்பிக்கைக்குரிய விசாரணை அதிகாரி முஹம்மத் பின் மஸ்லமா (ரலி) அவர்களை அனுப்பி அந்தக் கதவை எரிக்கச் செய்தார்கள். அதே நேரத்தில், சஅத் (ரலி) அவர்கள் அளித்த விளக்கத்தையும் கேட்டு ஏற்றுக்கொண்டார்கள். கதவு போனது, பதவி நீடித்தது.

ஹிஜ்ரி 21ஆம் ஆண்டில் பெரிய புகார் வந்தது. கூஃபாவாசிகளில் சிலர், ஆளுநர் சரியாகத் தொழுவிப்பதுகூட இல்லை என்று குற்றம் சாட்டினர். அதே சமயம் நஹாவந்தில் பாரசீகப் படைகள் மீண்டும் திரண்டுகொண்டிருந்தன. போர் வாசலில் நிற்கும்போது தளபதியைப் பற்றிய புகாரை ஒத்திப்போடுவதுதான் எந்த ஆட்சியாளரும் செய்யக்கூடியது. உமர் (ரலி) அவர்களும் புகார் வந்த நேரத்தைக் கண்டித்தார்கள். ஆயினும் அதைக் காரணம் காட்டி விசாரணையைத் தள்ளிவைக்கவில்லை.

விசாரணை நடந்த விதத்தை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். முஹம்மத் பின் மஸ்லமா (ரலி) அவர்கள் சஅத் (ரலி) அவர்களையும் உடன் அழைத்துக்கொண்டு கூஃபாவின் பள்ளிவாசல்கள் ஒவ்வொன்றுக்கும் சென்றார்கள். மக்கள் முன்னிலையில் வெளிப்படையாகக் கேட்டார்கள். இரகசியமாகத் துப்புத் திரட்டுவது அன்றைய வழக்கமாக இருக்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். குற்றம் சாட்டப்பட்டவர் முன்னாலேயே சாட்சி சொல்ல வேண்டும். அவரும் உடனே பதில் சொல்லலாம்.

சென்ற பள்ளிவாசல்களிலெல்லாம் மக்கள் ஆளுநரைப் புகழ்ந்தனர். பனூ அப்ஸ் குலத்தாரின் பள்ளிவாசலில் மட்டும் உஸாமா பின் கதாதா என்பவர் எழுந்து, ஆளுநர் படையுடன் செல்வதில்லை, சமமாகப் பங்கிடுவதில்லை, வழக்குகளில் நியாயமாகத் தீர்ப்பளிப்பதில்லை என்று மூன்று குற்றங்களை அடுக்கினார். சஅத் (ரலி) அவர்கள் மனம் நொந்து, அவர் சொல்வது பொய்யானால் அவருக்கு நீண்ட ஆயுளும் நீண்ட வறுமையும் சோதனைகளும் நேரட்டும் என்று பிரார்த்தித்தார்கள். முதிய வயதில் அந்த மனிதர் பட்ட நிலையைக் கண்டவர்கள் அதைப் பற்றிச் சொன்னது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

தொழுகையைப் பற்றிய புகாருக்கும் சஅத் (ரலி) அவர்கள் பதில் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் தொழுத முறையிலேயே முதல் இரண்டு ரக்அத்களை நீட்டியும் பிந்திய இரண்டைச் சுருக்கியும் தொழுவிப்பதாக விளக்கினார்கள். அவர்களைப் பற்றித் தம் எண்ணமும் அதுதான் என்று கலீஃபா ஏற்றுக்கொண்டார்கள்.

அப்படியானால் பதவி நீடித்திருக்க வேண்டுமல்லவா? இல்லை. கூஃபாவின் பொறுப்பு அம்மார் பின் யாஸிர் (ரலி) அவர்களிடம் சென்றது. ஆளுநருக்கும் ஒரு பகுதி மக்களுக்கும் இடையே பிணக்கு வேர்விட்டுவிட்ட நிலையில், குழப்பத்தைத் தவிர்க்கவே உமர் (ரலி) அவர்கள் இந்த மாற்றத்தைச் செய்தார்கள் என்று அறிஞர்கள் விளக்குகின்றனர்.

ஒருவர் குற்றம் செய்தாரா என்பது ஒரு கேள்வி. அவர் அந்த இடத்தில் தொடர்வது மக்களுக்கு நல்லதா என்பது வேறொரு கேள்வி. உமர் (ரலி) அவர்கள் இரண்டையும் கலக்கவில்லை. முதல் கேள்விக்கு சஅத் (ரலி) அவர்கள் குற்றமற்றவர் என்பது விடை. இரண்டாவது கேள்விக்கு விடை, மாற்றம்.

அம்மார் (ரலி) அவர்களும் நீண்ட காலம் அங்கே இருக்கவில்லை. அவர்களுக்கு நிர்வாகம் தெரியவில்லை என்று கூஃபாவாசிகள் மீண்டும் முறையிட்டனர். அவர்களின் இறையச்சத்தில் யாருக்கும் ஐயமில்லை. இருந்தும் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். இது வருத்தமளித்ததா என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, நியமிக்கப்பட்டபோது தாம் மகிழவில்லை, நீக்கப்பட்டபோது வருத்தப்பட்டது உண்மைதான் என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார்கள். இறையச்சம் உள்ளவருக்கும் பதவி போவது வலிக்கும். அந்த வலியை மறைக்காமல் சொல்லிவிட்டு அவர்கள் அமைதியாகத் திரும்பினார்கள்.

பஸ்ரா: சாட்சி தவறினால்

ஹிஜ்ரி 17ஆம் ஆண்டில் பஸ்ராவின் ஆளுநராக இருந்த முஃகீரா பின் ஷுஅபா (ரலி) அவர்கள் மீது ஒழுக்கம் சார்ந்த மிகக் கடுமையான குற்றச்சாட்டு எழுந்தது. உமர் (ரலி) அவர்கள் உடனடியாக அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களைப் புதிய ஆளுநராக பஸ்ராவுக்கு அனுப்பி, முஃகீரா (ரலி) அவர்களையும் குற்றம் சாட்டியவர்களையும் மதீனாவுக்கு வரவழைத்தார்கள். அதிகாரம் கையில் இருக்கும்போது ஒருவரை விசாரித்தால் சாட்சிகள் அஞ்சக்கூடும். எனவே அதிகாரம் முதலில் அகற்றப்பட்டது, விசாரணை பிறகு நடந்தது.

இத்தகைய குற்றச்சாட்டுக்கு நேரில் கண்ட நான்கு சாட்சிகள் வேண்டும் என்பது குர்ஆனின் சட்டம். மூவர் சாட்சி சொன்னார்கள். நான்காமவரின் சாட்சியம் குற்றத்தை உறுதிப்படுத்தவில்லை. ஆகவே வழக்கு விழுந்தது. அத்துடன், அவதூறுக்குரிய எண்பது கசையடி என்ற தண்டனை குற்றம் சாட்டிய மூவருக்கும் நிறைவேற்றப்பட்டது. அவர்களில் தம் சொல்லைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கோருபவரின் சாட்சியம் இனிமேல் ஏற்கப்படும் என்ற வழியையும் கலீஃபா திறந்து வைத்தார்கள்.

இங்கே நபித்தோழர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நம் நோக்கமல்ல, அது நம் தகுதிக்கும் மீறியது. நாம் பார்ப்பது சட்டத்தின் நடையை மட்டுமே. ஆளுநர் என்பதற்காக விசாரணை நிற்கவில்லை. ஆளுநர் என்பதற்காக ஆதாரத்தின் தரமும் தளர்த்தப்படவில்லை. ஒருவரைப் பதவியிலிருந்து இறக்க நினைப்பவரும் தம் சொல்லுக்குப் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. முஃகீரா (ரலி) அவர்கள் பஸ்ராவுக்குத் திரும்ப அனுப்பப்படவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் கூஃபாவின் ஆளுநராக நியமிக்கப்பட்டார்கள்.

ஹிம்ஸ்: புகார் பொய்த்த இடம்

எல்லாப் புகாரும் நீக்கத்தில் முடியவில்லை. சிரியாவின் ஹிம்ஸ் நகரவாசிகள் ஆளுநர்களைப் பற்றி அடிக்கடி குறை சொல்பவர்கள் என்பதால் அந்நகரைச் சின்னக் கூஃபா என்றே அழைத்தனர். அங்கே ஆளுநராக இருந்தவர்கள் ஸயீத் பின் ஆமிர் அல்ஜுமஹீ (ரலி). உமர் (ரலி) அவர்கள் ஹிம்ஸுக்கு வந்தபோது மக்கள் நான்கு குறைகளை முன்வைத்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பொழுது நன்றாக ஏறிய பிறகே வெளியே வருகிறார். இரவில் யார் அழைத்தாலும் பதில் தருவதில்லை. மாதத்தில் ஒரு நாள் வெளியே வருவதே இல்லை. சில வேளைகளில் மயங்கி விழுகிறார்.

தாம் ஸயீதைப் பற்றிக் கொண்டிருந்த நல்லெண்ணம் பொய்த்துவிடக் கூடாதே என்று கலீஃபா உள்ளுக்குள் அல்லாஹ்விடம் வேண்டினார்கள். ஆனாலும் மக்கள் முன்னிலையிலேயே ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஸயீத் (ரலி) அவர்கள் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னார்கள். வீட்டில் பணியாள் இல்லை. காலையில் தாமே மாவு பிசைந்து ரொட்டி சுட்டுவிட்டுத்தான் வர முடிகிறது. பகலை மக்களுக்கும் இரவை இறைவணக்கத்துக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். மாற்று உடை இல்லாததால் மாதத்தில் ஒரு நாள் துணியைத் துவைத்து, அது காயும்வரை காத்திருக்கிறார்கள். மயக்கத்துக்குக் காரணம் ஒரு பழைய நினைவு. இஸ்லாத்தை ஏற்பதற்கு முன் மக்காவில் குபைப் (ரலி) அவர்கள் கொல்லப்பட்டதை வேடிக்கை பார்த்த கூட்டத்தில் தாமும் நின்றதும், அவர்களுக்கு உதவாமல் இருந்ததும் நினைவுக்கு வரும்போது நிலைகுலைந்துவிடுகிறார்கள்.

கலீஃபா அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள். ஆளுநர் தொடர்ந்தார்கள். இதில் புகார் சொன்னவர்கள் யாரும் தண்டிக்கப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவர்கள் சொன்ன நான்கும் பொய்யல்ல, காரணம் மட்டுமே அவர்களுக்குத் தெரியவில்லை. அவதூறு வேறு, அறியாமல் கேட்கும் கேள்வி வேறு.

காரணத்தை ஊருக்குச் சொன்னார்கள்

காலித் பின் வலீத் (ரலி) அவர்களின் நீக்கம் எல்லோரும் அறிந்தது. சிரியாவின் கின்னஸ்ரீன் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தபோது ஒருவருக்குப் பத்தாயிரம் திர்ஹம் அன்பளிப்பு கொடுத்தார்கள் என்ற செய்தி மதீனாவுக்கு வந்தது. அது பொதுப்பணமா, சொந்தப் பணமா என்று மக்கள் முன்னிலையில் கேட்கச் செய்தார்கள் உமர் (ரலி) அவர்கள். சொந்தப் பணம் என்று காலித் (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். பொதுப்பணமானால் அது மோசடி, சொந்தப் பணமானாலும் அது விரயம் என்பது கலீஃபாவின் நிலைப்பாடு. அவர்கள் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள்.

இந்த நிகழ்வில் நாம் மறந்துவிடும் ஒரு பகுதி உண்டு. நீக்கிய பிறகு உமர் (ரலி) அவர்கள் எல்லா நகரங்களுக்கும் கடிதம் எழுதினார்கள். கோபத்தாலோ மோசடியாலோ காலிதை நீக்கவில்லை என்றும், வெற்றி அல்லாஹ்விடமிருந்தே வருகிறது என்பதை மறந்து மக்கள் அவர் மீதே நம்பிக்கை வைத்துவிடுவார்களோ என்று அஞ்சியதாகவும் தெளிவுபடுத்தினார்கள். நீக்கப்பட்டவரைப் பற்றி ஊர் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடவில்லை. பதவியை எடுத்தவர்கள் மானத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பஹ்ரைனிலிருந்து திரும்பிய அபூஹுரைரா (ரலி) அவர்களிடமும் பணம் எங்கிருந்து வந்தது என்று கடுமையாகவே கேட்கப்பட்டது. குதிரைகள் ஈன்ற குட்டிகள், தமக்கு வந்த கொடைகள், அடிமையின் உழைப்பால் வந்த வருவாய் என்று அவர்கள் கணக்குச் சொன்னார்கள். சரிபார்த்தபோது சொன்னபடியே இருந்தது. பின்னர் அதே உமர் (ரலி) அவர்கள் மீண்டும் பொறுப்பேற்க அழைத்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள்தாம் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள்.

தமக்கும் அதே அளவுகோல்

பிறரை இவ்வளவு கேட்பவர் தம்மை எப்படி நடத்திக்கொண்டார்? உபை பின் கஅப் (ரலி) அவர்களுடன் ஏற்பட்ட ஒரு தகராறில் கலீஃபா தாமே வழக்காடியாக ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களின் வீட்டுக்குச் சென்றார்கள். ஸைத் (ரலி) அவர்கள் எழுந்து தம் இருக்கையை அளிக்க முன்வந்தபோது, தீர்ப்பின் முதல் அநீதியே இதுதான் என்று சொல்லி, எதிர்த்தரப்பினரின் அருகில் போய் அமர்ந்தார்கள்.

ஹிஜ்ரி 23ஆம் ஆண்டு துல்ஹஜ் மாதம், பஜ்ருத் தொழுகையில் நின்றபோது அபூலுஃலுஆ என்பவன் கத்தியால் குத்தினான். மரணப் படுக்கையில் அவர்கள் தம் மகனிடம் கேட்டவற்றில் ஒன்று, தம் கடன் எவ்வளவு என்பது. எண்பத்தாறாயிரம் அளவில் இருந்த அந்தக் கடனைக் குடும்பச் சொத்திலிருந்து அடைக்க வேண்டும், போதாவிட்டால் பனூ அதீ குலத்தாரிடமும் பின்னர் குறைஷியரிடமும் கேட்க வேண்டும், அவர்களைத் தாண்டி வேறு யாரிடமும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க அறுவர் கொண்ட குழுவை நியமித்தபோது, அதில் சஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களின் பெயரும் இருந்தது. கூஃபாவிலிருந்து நீக்கப்பட்ட அதே சஅத்! இயலாமையாலோ மோசடியாலோ அவரை நீக்கவில்லை என்றும், யார் கலீஃபாவானாலும் அவரைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்றும் உமர் (ரலி) அவர்கள் வலியுறுத்தினார்கள். அடுத்து வந்த உஸ்மான் (ரலி) அவர்கள் சஅத் (ரலி) அவர்களை மீண்டும் கூஃபாவின் ஆளுநராக நியமித்தார்கள்.

நிறைவேறாமல் போன பயணம்

ஒரு திட்டம் மட்டும் நிறைவேறவில்லை. உயிரோடிருந்தால் ஓராண்டு முழுவதும் ஊர் ஊராகச் செல்ல வேண்டும், சிரியா, ஜஸீரா, எகிப்து, பஹ்ரைன், கூஃபா, பஸ்ரா ஒவ்வொன்றிலும் இரண்டு மாதம் தங்க வேண்டும் என்று விரும்பினார்கள். மக்களின் தேவைகள் தம்மை எட்டாமல் இடையிலேயே அறுந்துபோகின்றன, ஆளுநர்கள் அவற்றைத் தெரிவிப்பதில்லை, மக்களாலும் தம்மிடம் வர முடிவதில்லை என்பது அவர்களின் கவலை. ஹஜ்ஜுக் கூட்டமும் விசாரணை அதிகாரியும் இருந்தும் அவை போதவில்லை என்பதை அவர்களே உணர்ந்திருந்தார்கள்.

அந்த உணர்வு சரியானதே என்பதைப் பின்னர் வந்த வரலாறு காட்டியது. ஹிஜ்ரி 35ஆம் ஆண்டில், ஆளுநர்கள் மீதான குறைகளைக் காரணம் காட்டி மதீனாவில் திரண்ட கிளர்ச்சிக்காரர்கள் உஸ்மான் (ரலி) அவர்களைக் கொன்றனர். முறைப்படி கேட்டுத் தீர்க்க வேண்டிய புகார் கும்பலின் கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய எச்சரிக்கை நமக்குத் தேவையில்லை. அதிகாரிகளுக்கு எதிரான முறையீட்டைக் கேட்பதற்கென்றே மழாலிம் என்ற தனி நீதிமன்ற அமைப்பு பிற்காலத்தில் உருவானது. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் மாவர்தீ அதன் விதிகளைத் தம் நூலில் விரிவாக எழுதினார். சுல்தான் நூருத்தீன் டமாஸ்கஸில் இதற்காக நீதி இல்லம் ஒன்றைக் கட்டினார்.

இன்று நம் கையில் சட்டங்கள் இருக்கின்றன. ஒரு பிரதிநிதியை நீக்குமுன் அவருக்கு அறிவிப்பு தர வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவற்றில் உண்டு. ஆனால் சட்டத்தைக் கையாளும் மனம் நம்மிடம் இருக்கிறதா? நம் ஜமாஅத்தில் ஒரு நிர்வாகி மீது கணக்குப் புகார் வந்தால், அவரை எதிரில் வைத்துக்கொண்டு கேட்கிறோமா, அல்லது வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பு எழுதிவிடுகிறோமா? ஆதாரமின்றிப் பழி சொன்னவரிடம் கணக்குக் கேட்கிறோமா? குற்றமற்றவர் என்று தெரிந்த பின்னும் ஊர் ஒற்றுமைக்காக ஒருவர் விலகினால், அவருடைய மானத்தைக் காப்பாற்றி மறுமுறை அவரை அழைக்கிறோமா?

பதவியில் இருப்போருக்கும் இதில் பாடம் உண்டு. சஅத், அம்மார், காலித் (ரலியல்லாஹு அன்ஹும்) ஆகியோர் பதவியை விட்டு இறங்கினார்கள். அதனால் அவர்களின் சிறப்பில் எள்ளளவும் குறையவில்லை. அவர்களைவிட நம் நாற்காலி பெரிதல்ல.

அமானிதத்தைப் பேணுபவர்களாகவும், நியாயமாகக் கேள்வி கேட்பவர்களாகவும், கேட்கப்படும்போது நியாயமாகப் பதில் சொல்பவர்களாகவும் அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.